முதுமை மறதிநோயும் இல்லத்துச் சுமையும்: பெரம்பலூர், அரியலூர் மாவட்ட ஊழியத்தை முன்வைத்து

ஐந்தாம் கற்பனையைக் குறித்துப் பிரசங்கம் செய்வது எளிது (லுத்தரன் திருச்சபையார் எண்ணும் முறையில் அது நான்காம் கற்பனை). தாய் தகப்பனைக் கனம்பண்ண வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். சில ஆண்டுகளுக்கு முன்னர், பெரம்பலூர் மாவட்டம் குன்னம் வட்டத்திலுள்ள ஒரு சிற்றூர்ச் சபையில் நாமும் அவ்விதமே பிரசங்கித்தோம். ஆராதனை முடிந்து மக்கள் விடைபெற்றுச் செல்கையில், நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் ஒதுங்கி நின்று, “ஐயா, நீங்க சொன்னது எல்லாம் சரிதான். ஆனா நான் ராத்திரி தூங்கி எட்டு மாசம் ஆச்சு” என்றார்.

அவருடைய கணவர் வளைகுடா நாடொன்றில் வேலை செய்பவர். வீட்டில் எழுபத்தாறு வயதுடைய மாமியார் இருந்தார். நள்ளிரவில் எழுந்து, “என் வீட்டுக்குப் போகிறேன்” என்று கதவைத் திறந்துகொண்டு புறப்பட்டுவிடுவார். தம் பணத்தை மருமகள் திருடிவிட்டதாகத் தெருவில் நின்று முறையிடுவார். ஒருமுறை அடுப்பை மூட்டிவிட்டு மறந்து போனார். வேறு வழியறியாத மருமகள், இரவில் பழைய புடவைத் தலைப்பினால் அவருடைய கணுக்காலைக் கட்டிலோடு கட்டிவைத்துவிட்டுத் தாமும் அருகில் தரையில் படுத்துக்கொண்டிருந்தார். அந்த இல்லத்திற்கு நாம் பலமுறை வீடு சந்திப்புக்குச் சென்றதுண்டு. திருமறை வாசித்து, ஜெபித்து, காப்பி அருந்திவிட்டுத் திரும்பியதுண்டு. பழைய ஞானப்பாட்டுகளைப் பாட்டியம்மாள் பிழையின்றிப் பாடியதைக் கேட்டு, இவருக்கு ஒரு குறையும் இல்லை என்று முடிவு கட்டியவர்களும் நாமே. பல ஆண்டுகளுக்கு முன் மனத்தில் பதிந்த பாடல் நிலைத்திருக்க, காலையில் உண்டது மறந்துபோவது இந்நோயின் இயல்பு என்பதை அன்று நாம் அறியவில்லை.

இக்கட்டுரை அந்த அறியாமையிலிருந்து எழுந்தது. முதுமை மறதிநோயைத் தடுக்கவும், அதனால் அவதியுறுவோரைப் பேணும் குடும்பத்தாரைத் தாங்கவும் அரசு என்ன செய்திருக்கிறது, எங்கே அதன் கை எட்டவில்லை என்பதை ஆயர்களும் இறையியல் மாணவர்களும் அறிந்திருக்க வேண்டும் எனக் கருதுகிறோம்.

நோயின் தன்மை

டிமென்ஷியா என்பது தனியொரு நோயின் பெயரன்று. நினைவு, மொழி, காலம் இடம் பற்றிய உணர்வு, தீர்மானிக்கும் ஆற்றல் ஆகியன படிப்படியாகக் குன்றி, அன்றாட வாழ்வைத் தாமே நடத்த இயலாத நிலையைக் குறிக்கும் பொதுப்பெயர். 1906இல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் விவரித்த மூளைச் சிதைவே இதற்கு முதன்மையான காரணம். மூளையின் இரத்தக் குழாய்கள் பழுதுறுவதால் விளைவது அடுத்தபடியாகப் பரவலானது. பலரிடம் இவ்விரண்டும் கலந்தே காணப்படும். நம் ஊர்களில் “வயசானா அப்படித்தான்” என்பர்; யாழ்ப்பாணத்தார் அறளை பெயர்ந்துவிட்டது என்பர். சொல் எதுவாயினும், இது முதுமையின் இயற்கையான பகுதி என்னும் எண்ணமே சிகிச்சைக்கு முதல் தடை. எண்பது வயதிலும் தெளிந்த அறிவோடு இருப்போர் பலர் நம் சபைகளிலேயே உளர்.

ஈண்டு ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். மறதிபோல் தோன்றுவன எல்லாம் மீளா நோய் அல்ல. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்தபின் மண்டைக்குள் மெல்லக் கசியும் இரத்தம், வேண்டாத மாத்திரைகள் ஆகியவற்றால் வரும் தடுமாற்றத்தைச் சீராக்கக்கூடும். இரண்டொரு நாளில் திடீரென வரும் குழப்பம் பெரும்பாலும் காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு போன்ற உடற்கோளாற்றின் அடையாளம். அதனை அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆகவே ஒருவரைப் பார்த்தவுடன் நாமே நோய்க்குப் பெயர் சூட்டலாகாது. பேய் பிடித்ததென்று சொல்லவும் ஆகாது. அவ்விதம் சொல்லி எண்ணெய் பூசி, மாதக்கணக்கில் காலத்தைப் போக்கிய ஜெபக்குழுக்களை நாம் அறிவோம்.

2023இல் வெளியான அனைத்திந்திய ஆய்வொன்று, அறுபது வயதைக் கடந்த இந்தியரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாகக் கணித்தது. ஆண்களில் 5.8 விழுக்காடு எனில் பெண்களில் 9 விழுக்காடு, நகரங்களில் 5.3 எனில் கிராமங்களில் 8.4. கல்வி குறைந்தோரிடம் இது மிகுதி. தமிழ்நாட்டு மக்களில் அறுபது கடந்தோர் 2021இல் 13.6 விழுக்காடு என்றும், 2031இல் அது 18 விழுக்காட்டையும் தாண்டும் என்றும் மத்திய அரசின் கணிப்பு கூறுகிறது. மாநிலங்களில் கேரளத்திற்கு அடுத்த இடம் நமதே.

இவ்விரு மாவட்டங்கள்

பழைய திருச்சி மாவட்டத்தினின்று 1995இல் பிரிந்தது பெரம்பலூர். அதனின்று 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைந்து, 2007இல் நிலையாகத் தனித்தது அரியலூர். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் விளையும் கரிசல் நிலம் ஒருபுறம். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் மறுபுறம். 2011 கணக்கெடுப்பின்படி அரியலூர் மாவட்ட மக்களில் நகரவாசிகள் நூற்றுக்கு 11 பேரே; பெரம்பலூரில் 17 பேர். மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடாயிருக்க, அரியலூரில் 71, பெரம்பலூரில் 74.

மேற்கண்ட ஆய்வின் முடிவுகளை இந்த எண்களோடு பொருத்திப் பார்க்குமிடத்து, நம் கவலைக்குரியவர் யாரென்பது தெளிவாகும். இன்று எழுபது வயதைக் கடந்திருக்கும், பள்ளிவாசலை மிதியாத, களையெடுத்தும் வெங்காயம் அரிந்தும் வாழ்ந்த கிராமத்துப் பெண்மணியே அவர். இளமைக் கல்வி மூளைக்கு ஒருவகைச் சேமிப்பை உண்டாக்குகிறது என்பர் அறிஞர். அவ்வாறாயின், 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கி 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவுபெற்ற மதிய உணவுத் திட்டமும், மிஷனெரிகள் திறந்த பெண்கள் பள்ளிகளும், எவரும் அந்நோக்கில் எண்ணாதபோதிலும், இந்நோய்த் தடுப்புக்கும் துணைபுரிந்திருக்கக் கூடும். அவ்வாய்ப்புப் பெறாத தலைமுறையே இப்போது முதுமையில் இருக்கிறது.

தடுப்பு: வாசலுக்கு வந்த மருத்துவம்

2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு பதினான்கு காரணிகளைச் சுட்டி, அவற்றையெல்லாம் களைந்தால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காட்டு நோயாளரிடம் இந்நோய் வருவதைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. கல்விக் குறைவு, செவித்திறன் இழப்பு, பார்வை இழப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, புகை, மது, உடற்பருமன், உடலுழைப்பின்மை, தலைக்காயம், மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு என்பன அவை. இப்பட்டியலை அரசுத் துறைகளின் பணிகளோடு ஒப்பிட்டால் ஒரு வியப்பு நேரும். முதுமை மறதிநோய் என்ற பெயர் தாங்காத திட்டங்களே அந்நோயைத் தடுக்கும் பணியின் பெரும்பகுதியைச் செய்துவருகின்றன.

அவற்றுள் தலையாயது, 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றைக் கண்டறிந்து, அதற்கான மாத்திரைகளை இல்லத்திற்கே கொண்டு சேர்ப்பது இதன் மையப்பணி. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இதனைச் செய்கின்றனர். படுக்கையில் கிடப்போருக்கு நோய் ஆதரவுச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீடு தேடி வரவும் இத்திட்டத்தில் இடமுண்டு. இதன் தேவை எத்தகையது என்பதை 2020இல் தமிழ்நாட்டில் நடைபெற்ற ஆய்வு காட்டியது: பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் இருந்தது, அவர்களுள் அதனைக் கட்டுக்குள் வைத்திருந்தோர் 7.3 விழுக்காட்டினரே. நடுவயதில் கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமே முதுமையில் மூளையைத் தாக்குகிறது. ஆதலின் ஐம்பது வயதுச் சபையார் ஒருவர், “மாத்திரை சாப்பிட்டால் பழகிவிடும்” என்று நிறுத்திவிடும்போது, இருபது ஆண்டுகளுக்குப் பின் வரக்கூடிய மறதிக்கு அவர் வழிதிறந்து வைக்கிறார். இதனைப் பிரசங்க மேடையிலிருந்தே சொல்லலாம், தவறில்லை.

செவித்திறனும் அவ்வாறே. காது கேளாதவர் உரையாடலினின்று ஒதுங்குகிறார். ஒதுங்கியவரின் மூளைக்கு வேலை குறைகிறது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வாயிலாகக் காதொலிக் கருவிகள் இலவசமாக வழங்கப்படுகின்றன. கண்புரை அறுவைச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி நடைபெறுகிறது. ஆலயத்தில் பின்வரிசையில் அமர்ந்து, ஒன்றும் கேளாமல் வெறுமனே உதட்டை அசைக்கும் முதியோரை நாம் ஒவ்வொரு ஞாயிறும் காண்கிறோம்; அவர்களைக் கருவிக்கு விண்ணப்பிக்கச் செய்ததுண்டா?

நோயைக் கண்டறிவதற்கு மாவட்ட மனநலத் திட்டம் உள்ளது. 1996இல் நாட்டில் தொடங்கப்பெற்ற இத்திட்டம் தமிழ்நாட்டில் முதன்முதல் காலூன்றியது திருச்சி மாவட்டத்திலேயே. பின்னர் ஏனைய மாவட்டங்களுக்கும் பரவியது. அரியலூரில் 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை உண்டு. சென்னை கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பெற்றது. ‘டெலி மானஸ்’ என்னும் மனநல ஆலோசனைக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567 என்னும் தொலைபேசி எண்களும் உள.

பரிசோதனையைக் குறித்து ஓர் இடைக்குறிப்பு. எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியிடம் ஆங்கிலத் தேதியைக் கேட்டும், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லியும் மதிப்பிடுவது நியாயமன்று. சென்னையும் வேலூரும் பங்குகொண்ட ‘10/66’ என்னும் பன்னாட்டு ஆய்வுக் குழு, கல்வியால் மாறுபடாத சோதனை முறையை வகுத்ததற்கு இதுவே காரணம். (நோயாளரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வில் 10 விழுக்காடும் அங்கே நடைபெறவில்லை என்பதே அப்பெயரின் பொருள்.) மூதாட்டியின் நிலையை அறிய விரும்புவோர், முன்பு செய்த எவ்வேலையை இப்போது செய்ய இயலவில்லை என்று வீட்டாரை வினவுவதே சிறந்தது.

பேணுவோர்: எட்டாத கை

இதுவரை கூறியவை நோயாளியின் உடலைப் பற்றியவை. நாம் மேலே குறிப்பிட்ட மருமகளின் வாசலுக்கு எது வந்தது? மாமியாருக்கு இரத்த அழுத்த மாத்திரை மாதந்தோறும் வந்தது. அதனைக் கொணர்ந்த தன்னார்வலர் அன்பாகப் பேசினார், அட்டையில் குறித்துக்கொண்டார். மருமகளின் உறக்கத்தைப் பற்றி எழுத அந்த அட்டையில் கட்டம் இல்லை.

முதியோர் ஓய்வூதியம் தமிழ்நாட்டில் 1962ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்றது. 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முதியோருக்கு நியாயவிலைப் பொருள்களை வீட்டிற்கே கொண்டு வரும் ‘தாயுமானவர்’ திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. பகற்பொழுதில் முதியோரை ஏற்கும் ‘அன்புச் சோலை’ மையங்கள் 2025 நவம்பரில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பெற்றன. இம்மூன்றாவதே பேணுவோருக்குச் சில மணி நேர ஓய்வளிக்கும் எண்ணத்திற்கு அருகில் வருவது. ஆயினும் அம்மையங்கள் பெரும்பாலும் மாநகர்களில் அமைந்தவை. செந்துறையிலிருந்தோ வேப்பந்தட்டையிலிருந்தோ தடுமாறும் மூதாட்டியை நாள்தோறும் பேருந்தில் திருச்சிக்கு அழைத்துச் செல்வது எவர்க்கும் இயலாது. கேரள அரசு 2014ஆம் ஆண்டிலேயே இந்நோய்க்கெனத் தனித்திட்டம் வகுத்ததை நினைக்கையில், மருத்துவத் துறையில் முன்னோடியாகிய நம் மாநிலம் பேணுவோரை இன்னும் கண்ணெதிரே நிறுத்தவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

இது பெரும்பணம் வேண்டும் காரியம் என்று சிலர் கருதலாம். கோவாவில் நடைபெற்று 2008இல் வெளியான ஓர் ஆய்வு வேறுவிதமாகக் காட்டுகிறது. 81 குடும்பங்கள் அதில் பங்குபெற்றன. மேல்நிலைக் கல்வி பெற்ற உள்ளூராருக்கு ஒரு வாரப் பயிற்சி அளித்து, அவர்களை வீடுகளுக்கு அனுப்பினர். நோய் இன்னதென்று விளக்குதல், இரவு அலைச்சலையும் சந்தேகத்தையும் கையாளும் வழிகளைக் கூறுதல், பேணுவோரின் மனக்குறையைக் கேட்டல், உரிய அரசு உதவிக்கு வழிகாட்டல் என்பனவே அவர்கள் செய்தவை. அக்குடும்பங்களில் பேணுவோரின் மனவேதனை குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் நம் மாநிலத்தில் ஊர்தோறும் வீடுதோறும் மாத்திரையுடன் ஏற்கெனவே சென்றுவருகின்றனர். அவர்களுக்கு இந்த ஒரு வாரப் பயிற்சியையும், சற்றுக் கூடுதலான ஊதியத்தையும், அட்டையில் இன்னுமொரு கட்டத்தையும் சேர்ப்பது இயலாத காரியமா? மாவட்ட அளவில் திருச்சபைகள் ஒன்றுகூடி ஆட்சியரிடம் வைக்கத்தக்க வேண்டுகோள் இது.

சட்டத்தின் நிலையும் அறியத்தக்கது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் டிமென்ஷியா என்ற பெயர் இல்லை. ஆயினும் மனநோய் என்னும் வகையில் மதிப்பிட்டு ஊனச் சான்றிதழ் பெற வழியுண்டு. சான்றிதழ் பெற்றபின், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். சொத்தைப் பொறுத்தவரை நிலை சிக்கலானது. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் மனநோயாளியின் சொத்துக்குக் காப்பாளர் நியமிக்க ஏற்பாடு இருந்தது; அதற்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை. ஆகவே நோயின் தொடக்கத்தில், தெளிவு இருக்கும்போதே, உயில் முதலியவற்றை முதியவர் தாமே தீர்மானிப்பது நலம். கண்மங்கிய ஈசாக்கின் முன் ஆட்டுத்தோலுடன் வந்து நின்ற மகனின் வரலாறு (ஆதி. 27) பத்திர அலுவலகங்களில் இன்றும் நடைபெறுகிறது. தம்மைப் பேண வேண்டும் என்னும் நிபந்தனையுடன் எழுதிக்கொடுத்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் மீட்டுக்கொள்ள 2007ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இடமளிக்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிடலாம்.

திருமறை நோக்கு

நினைவை இழந்தவர் யார்? சிந்தனையே மனிதனை மனிதனாக்குகிறது எனின், அதனை இழந்தவர் பாதி மனிதர் ஆகிவிடுவார். இக்கருத்தை மறுத்து, ஆள்தன்மை என்பது பிறர் நமக்கு அளிக்கும் உறவில் நிலைபெறுகிறது என்று டாம் கிட்வுட் 1997இல் எழுதினார். முன்னாளில் மனநலச் செவிலியராயிருந்த ஸ்காட்லாந்து இறையியலாளர் ஜான் ஸ்விண்டன், 2012இல் வெளியிட்ட நூலில் இன்னும் ஒருபடி மேற்சென்றார். மாந்தர் உறவும் கைவிடக்கூடும். ஆகவே நாம் கடவுளை நினைப்பதில் அன்றி, கடவுள் நம்மை நினைப்பதிலேயே நம் இருப்பு அடங்கியுள்ளது என்பது அவர் வாதம். ஏசாயா 49:15 இதற்கு ஆதாரமாகும். திருவிருந்தில் நினைவுகூருதலைப் பற்றிப் பேசும் நாம், நினைவிழந்தோருக்கு அப்பத்தை மறுக்கலாமா என்னும் வினாவுக்கு இங்கே விடை கிடைக்கிறது.

எண்பது வயதுப் பர்சிலாய் தாவீதின் அழைப்பை மறுத்த இடம் (2 சாமு. 19:31-39) முதுமையின் நேர்மையான சித்திரம். சுவையும் செவியும் குன்றியதை அவர் மறைக்கவில்லை. அரசனுக்குச் சுமையாயிருக்க விரும்பவில்லை. அரசனும் அவரை வற்புறுத்தாமல், முத்தமிட்டு, ஆசீர்வதித்து, அவர் விரும்பிய ஊருக்கே அனுப்பினான்.

ஆனால் நம் பிரசங்கங்களில் பெரிதும் வழங்குவது 1 தீமோத்தேயு ஐந்தாம் அதிகாரம். விதவைகளைக் குடும்பத்தாரே தாங்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறோம். பதினாறாம் வசனம் அப்பொறுப்பை விசுவாசியான ஒரு பெண்ணின் தலையில் வைப்பதாகப் பல மொழிபெயர்ப்புகள் கொள்கின்றன. அதனை அவ்வாறே வாசித்துவிட்டு அகல்வோமாயின், மருமகளின் தலையில் இன்னுமொரு கல்லை ஏற்றியவராவோம். மோசேயின் கைகள் தளர்ந்தபோது, உறுதியாய் உயர்த்திப் பிடியும் என்று எவரும் அவருக்குப் பிரசங்கிக்கவில்லை, கல்லைக் கொணர்ந்து உட்கார வைத்து, இருபுறமும் இருவர் தாங்கினர் (யாத். 17:12). ஐந்தாம் கற்பனை பற்றிய நம் பிரசங்கத்தில் அந்தக் கல் இல்லை.

அவ்வில்லத்தில் பின்னர் நடந்தது சிறிதளவே. உபதேசியார் மூதாட்டியைப் பெரம்பலூர்த் தலைமை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். நோய் உறுதியாயிற்று, பகலில் நெடுநேரம் உறங்குவதைத் தவிர்க்கவும், மாலையில் சிறிது நடக்க வைக்கவும், இரவில் ஒரு சிறு விளக்கை எரியவிடவும் மருத்துவர் கூறினார். கதவில் மூதாட்டியின் பார்வை படாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் பொருத்தப்பட்டது; புடவைக் கட்டு அவிழ்ந்தது. “பணம் திருடினாய்” என்று அவர் கூறினால் மறுத்து வாதிடாமல், “வாங்க அத்தை, ரெண்டு பேரும் தேடலாம்” என்று சொல்ல மருமகள் கற்றுக்கொண்டார். அண்டை வீட்டாருக்கு நோயைப் பற்றி எடுத்துரைத்த பின்னர், தெருவில் எழுந்த பேச்சு அடங்கியது.

பெண்கள் ஐக்கிய சங்கத்தார் புதன்கிழமைதோறும் பிற்பகலில் இருவராகச் சென்று மூன்று மணி நேரம் மூதாட்டியுடன் இருப்பதென்று ஏற்பாடாயிற்று. அவர்கள் பாடுவர், அவரும் பாடுவார், இடையே, “நீங்க யாரு பிள்ளைங்க?” என்று கேட்பார். முதற்புதனன்று மருமகள் எங்கே செல்வார் என்று நாம் ஆவலோடு காத்திருந்தோம். அவர் எங்கும் செல்லவில்லை. அடுத்த வீட்டுத் திண்ணையில் பாயை விரித்து, மூன்று மணி நேரமும் உறங்கினார்.